கிருமி போன பிறகும் எரிச்சல் ஏன்?

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. இந்த ஒரு வருடத்தில் மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு. போன மாதம் யூரின் டெஸ்டில் பஸ் செல் 'நிறைய', எபிதீலியல் செல் 8-10 என்று வந்தது, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இ.கோலை. நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஐந்து நாள் சாப்பிட்டேன். இப்போது கல்ச்சரில் கிருமி இல்லை என்கிறார்கள், ஆனால் எரிச்சல் முழுசாகப் போகவில்லை. "கிருமி போயாச்சு, அழற்சிதான் மிச்சம்" என்றார் டாக்டர். கிருமியே இல்லையென்றால் எரிவது எது? எபிதீலியல் செல் இருந்தால் புற்றுநோயா? மாமியாருக்கு 78 வயது, சர்க்கரை உண்டு. அவர் யூரினில் எப்போது பார்த்தாலும் கிருமி, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை, டாக்டர் மாத்திரையும் தர மாட்டேன் என்கிறார். இது என்ன நியாயம்? வலி மாத்திரை போட்டு அழற்சியை அடக்கிவிடலாமா? மாதாமாதம் கல்ச்சர் பார்த்துக்கொள்வது நல்லதா?
பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்:

சகோதரி, புற்றுநோய்ப் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் எபிதீலியல் செல், அதாவது உறுப்புகளின் மேற்பரப்பை மூடியிருக்கும் செல், 8-10 என்று போட்டிருப்பது பெரும்பாலும் உங்கள் சிறுநீர்ப்பையின் செல்லே கிடையாது. ஆய்வகத்தில் நாங்கள் செய்வது இதுதான்: சிறுநீரை மெஷினில் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் தெரியும் வட்டத்துக்குள் எது எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிறோம். அப்போது பெரிதாக, தட்டையாக, ஓரம் லேசாக மடங்கி, நடுவில் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன உட்கருவோடு கிடக்கும் செல்கள், வெளியுறுப்பிலிருந்தும் சிறுநீர்க் குழாயின் வாய்ப்பக்கத்திலிருந்தும் உதிர்ந்து கலந்தவை. அவை கூடுதலாக இருந்தால் மாதிரி சரியாகப் பிடிக்கப்படவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வோம். அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. டப்பாவைக் கையில் திணித்து, பாத்ரூமைக் காட்டிவிட்டு, 'அடுத்தது' என்று கூப்பிடுகிற ஆய்வகங்கள்தான் அதிகம். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

பையின் உள்ளே இருப்பது வேறு வகை எபிதீலியல் செல். எரிவது எது என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அதனிடம்தான் இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்: கிருமி உள்ளே இருந்தபோது நீங்கள் பட்ட அவதியில் பெரும்பங்கு, அதைக் கண்டதும் உங்கள் செல்கள் செய்த களேபரம், டாக்டர் அழற்சி என்றது அதைத்தான். கிருமி தொலைந்த அன்றே அந்தக் களேபரம் அடங்கிவிடாது. இது புரிந்துவிட்டால் மாமியார் விஷயம், வலி மாத்திரை விஷயம், மாதாந்திர கல்ச்சர் விஷயம் எல்லாம் தானாகவே புரியும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சிறுநீர்ப்பையின் உட்புறம் சில அடுக்குச் செல்களால் ஆனது. சிறுநீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் அடுக்கில் இருப்பவற்றுக்குக் குடை செல்கள் என்று பெயர், ஒவ்வொன்றும் அடியில் உள்ள பல செல்களை மூடிக்கொண்டு விரிந்திருக்கும். அதன் மேற்பரப்பு முழுக்க யூரோபிளேக்கின் என்ற புரதம் தகடு தகடாகப் பதிந்திருக்கிறது. உப்பும் யூரியாவும் நிறைந்த நீர் மணிக்கணக்கில் தேங்கி நின்றாலும் உடம்புக்குள் திரும்பக் கசியாமல் இருப்பதற்கு இந்தத் தகடுகளும், செல்களுக்கு நடுவில் உள்ள இறுக்கமான இணைப்புகளும்தான் காரணம். வெகுகாலம் வரைக்கும் மருத்துவம் இந்த அடுக்கை ஒரு வாட்டர்ப்ரூஃப் பூச்சாகத்தான் பார்த்தது. கிருமியோடு சண்டை போடுவது ரத்தத்திலிருந்து வரும் வெள்ளை அணுக்களின் வேலை, பூச்சுக்கு அதில் என்ன பங்கு என்ற எண்ணம். 1990களின் தொடக்கத்தில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கதரீனா ஸ்வான்போர்க் குழுவினர், சிறுநீர்ப் பாதையின் எபிதீலியல் செல்களோடு இ.கோலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, வெள்ளை அணு ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாமலே அந்தச் செல்கள் தாமாக இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 என்ற அழற்சிச் சேதிகளை வெளியே விட்டன. தெருவுக்குள் புது ஆள் நுழைந்தால் முதலில் பார்த்துக் குரல் கொடுக்கிற திண்ணைப் பாட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஓடி வருவது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கிருமியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். இ.கோலை ஒரு குச்சி வடிவக் கிருமி, நீளம் சுமார் 2 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்நூறை வரிசையாகப் படுக்க வைக்கலாம். குடலில் சாதுவாகக் குடித்தனம் நடத்துவது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் 4 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதனால் ஏறி வருவதில் பெரிய சிரமம் கிடையாது. ஏறி வந்தாலும், அடுத்த தடவை நீர் போகும்போது அடித்துக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். போகாமல் நிற்பதற்குக் காரணம் அதன் உடம்பைச் சுற்றி முளைத்திருக்கும் மயிரிழைகள். ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஃபிம்-ஹெச் என்று ஒரு கொக்கிப் புரதம், அது குடை செல்லின் யூரோபிளேக்கினில் தொங்கும் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. இதில் ஒரு விசித்திரம், நீரோட்டம் இழுக்க இழுக்க அந்தக் கொக்கியின் பிடி இறுகுமே தவிர விடாது.

ஒட்டிக்கொண்ட கிருமியின் வெளிப்பூச்சில் லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்புச் சர்க்கரை இருக்கிறது. அதை அடையாளம் காண்பதற்கென்றே உங்கள் செல் வைத்திருக்கும் ஏற்பி டிஎல்ஆர்4. அது தூண்டப்பட்டதும் செல்லுக்குள் நடப்பது மளமளவென்று நடக்கிறது. என்எஃப்-கப்பா-பி என்றொரு புரதம் செல்லுக்குள் எப்போதும் தயாராகவே காத்திருக்கும், இன்னொரு புரதம் அதைக் கட்டிப்போட்டிருக்கும். சில நிமிடங்களுக்குள் அந்தக் கட்டு சிதைக்கப்பட, விடுபட்டது உட்கருவுக்குள் நுழைந்து ஏராளமான ஜீன்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிடுகிறது. (1986-ல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் தேடிக்கொண்டிருந்தது ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லில். உடம்பின் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் அது உட்கார்ந்திருக்கிறது என்பது அப்புறம்தான் தெரியவந்தது.)

அப்படி முடுக்கப்பட்டவற்றில் நமக்கு வேண்டியவற்றை மட்டும் பார்க்கலாம். இன்டர்லூக்கின்-8 ரத்தக் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் வெள்ளை அணுக்களை 'இந்தப் பக்கம் வா' என்று இழுக்கிறது. அவை குழாயை விட்டு இறங்கி, திசுவைக் கடந்து, எபிதீலியல் அடுக்கின் இடுக்குகள் வழியாகப் பையின் உள்ளே, சிறுநீருக்குள்ளேயே குதிக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் 'பஸ் செல் நிறைய' என்று இருந்தது இந்தக் கூட்டம்தான். சீழ் என்றதும் முகம் சுளிக்கிறோம், ஆனால் அவை உள்ளே வந்து சேர்ந்ததே நல்ல செய்தி. இன்டர்லூக்கின்-8 போன்ற சேதிகளைப் படிக்கும் ஏற்பி இல்லாத எலிகளில் நியூட்ரோஃபில்கள் அடுக்கைக் கடக்க முடியாமல் அதன் அடியிலேயே தேங்கி நின்று, கிருமியையும் ஒழிக்காமல், சிறுநீரகத்தில் தழும்பை உண்டாக்கியதை லுண்ட் குழுவினர் பார்த்திருக்கிறார்கள். அடுத்தது இன்டர்லூக்கின்-6. அது ரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தட்டி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதத்தை ஏற்றும், காய்ச்சலையும் கிளப்பும். தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்க்காய்ச்சல் வருவதில் இதற்குப் பங்கு உண்டு. கூடவே எல்எல்-37 போன்ற சின்னப் புரதங்களையும் செல் கக்குகிறது, இவை கிருமியின் தோலை நேரடியாகவே ஓட்டை போடுபவை. கடைசியாக காக்ஸ்-2 என்ற நொதி. அது புரோஸ்டகிளாண்டின் தயாரிக்கும், அது பட்ட நரம்பு நுனிகள் தொட்டாற்சுருங்கி ஆகிவிடும், பையில் அரை டம்ளர் நீர் சேர்வதற்குள் 'போ போ' என்று துரத்தும். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

இந்தக் களேபரமே வேண்டாம், கிருமி பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். அதற்கும் எலியில் பதில் இருக்கிறது. சி3ஹெச்/ஹெச்இஜே என்று ஒரு எலி வம்சம் உண்டு, லிப்போபாலிசாக்கரைடை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு உறைக்காது. ஏன் என்று பல வருடம் தேடி, 1998-ல் ப்ரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது: அதன் டிஎல்ஆர்4 ஜீனில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. 2011 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இந்த வேலைக்குத்தான். அந்த எலிகளின் சிறுநீர்ப்பையில் இ.கோலையைவிட்டால் அழற்சி பெரிதாக எழுவதில்லை, ஆனால் கிருமி நாள் கணக்கில் குறையாமல் பெருகிக்கொண்டே இருக்கும். வெள்ளை அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைத்துச் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெளிவானது: வெள்ளை அணுக்களிடம் மட்டும் நல்ல டிஎல்ஆர்4 இருந்து பிரயோஜனம் இல்லை, பையின் சொந்தத் திசுவிடமும் அது இருந்தால்தான் கிருமி ஒழுங்காக வெளியேறுகிறது.

குடை செல்கள் செய்யும் இன்னொரு காரியம்தான் உங்கள் மிச்ச எரிச்சலுக்கு நேரடிக் காரணம். கிருமி நிறைய ஒட்டிக்கொண்டுவிட்டால் அந்தச் செல் தன்னைத் தானே கொன்றுகொண்டு, கிருமியோடு சேர்ந்து உதிர்ந்து சிறுநீரோடு போய்விடுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்காட் ஹல்ட்கிரென் குழு 1998-ல் இதைப் படத்தோடு காட்டியது. ஆயிரக்கணக்கான கிருமிகளை ஒரே வீச்சில் வெளியேற்ற இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மேல் அடுக்கு போன இடத்தில் தகடும் இல்லை, இறுக்கமான இணைப்பும் இல்லை, அடியில் இருக்கும் இளம் செல்கள் திறந்து கிடக்கின்றன, உறுத்தும் சிறுநீர் நரம்பு நுனிவரை கசிகிறது. கல்ச்சர் சுத்தமாக இருந்தாலும், அந்தத் தோல் திரும்ப மூடி முதிரும்வரை எரியத்தான் செய்யும். குடை செல்கள் சாதாரணமாக மாதக்கணக்கில் உயிர்வாழும் நிதானக்காரர்கள். காயம் பட்டால் வேகமாகவே வளர்வார்கள், இருந்தாலும் ஐந்து நாள் மாத்திரைக் கணக்குக்குள் அடங்க மாட்டார்கள்.

அந்தத் திறந்த இடத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சில இ.கோலைகள் செல்லுக்கு உள்ளேயே புகுந்து பெருகிக் கூட்டமாகப் பதுங்கிவிடும், இதை 2003-ல் எலியில் பார்த்தார்கள், 2007-ல் நீர்க்கடுப்போடு வந்த பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களுக்குள்ளும் பார்த்தார்கள். சிறுநீரில் மட்டும் சுற்றும் மருந்து அங்கே எட்டுவது கஷ்டம். செல்லும் சும்மா இருப்பதில்லை, உள்ளே வந்த கிருமியை அடையாளம் கண்டு வெளியே துப்பிவிடுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சோமன் ஆபிரகாம் குழு காட்டியது, இதற்கும் அதே டிஎல்ஆர்4 தான் கட்டளை போடுகிறது. துப்பியது போக மிஞ்சியது பிறகு ஒரு நாள் தலைகாட்டும். திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு வழி, குடலிலிருந்து புதிதாக ஏறி வருவது இன்னொரு வழி.

ஆபிரகாம் குழு 2024-ல் சொன்னது உங்களுக்குக் குறிப்பாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அடிக்கடி தொற்று வந்த பைகளில் வலி நரம்புகள் புதிதாகக் கிளைவிட்டு அடர்ந்துவிடுகின்றன, நரம்பு வளர்ச்சிக்கான புரதத்தை அழற்சிக்கு வந்த செல்களே அங்கே ஊற்றிவிட்டுப் போகின்றன. அதன்பின் கிருமி இல்லாத நாளிலும் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே பை துடிக்கிறது. ஆகவே 'எல்லாம் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 'கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது, ஸ்ட்ராங்கான மாத்திரை கொடுங்கள்' என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நிற்கவும் நிற்காதீர்கள். இரண்டாவது தப்பைத்தான் நம் ஊரில் அதிகம் பேர் செய்கிறார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் வகை. நம் நாட்டின் இ.கோலையில் பாதிக்கும் மேல் அதற்கு மசிவதில்லை, தசைநார் பாதிப்பு போன்ற பக்க விளைவுகளுக்காக 2016-லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, சாதாரண நீர்க்கடுப்புக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் கொடுத்தது நல்ல தேர்வு. கூடவே எரிச்சலுக்கு என்று சிட்ரேட் சிரப் ஒன்றையும் குடித்திருந்தீர்களானால் அடுத்த தடவை அதைத் தவிர்த்துவிடுங்கள், சிறுநீரைக் காரத்தன்மைக்குத் திருப்பினால் நைட்ரோஃபுரான்டாயினின் வீரியம் குறையும். நம் ஊர்ச் சீட்டுகளில் இரண்டும் ஒன்றாக வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எரிச்சல் எத்தனை நாள் வரை தாங்கலாம்? தினமும் கொஞ்சம் குறைந்துகொண்டு வந்தால் ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம். குறையாமல் அப்படியே நின்றாலோ, கிருமி இல்லாதபோதும் ரிப்போர்ட்டில் சிவப்பணு வந்துகொண்டே இருந்தாலோ, கண்ணுக்குத் தெரிய ரத்தம் போனாலோ, யூராலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் வயதுக்கு ஸ்கேனும், தேவைப்பட்டால் பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும் அவசியம். புற்றுநோயைத் தேட வேண்டிய இடம் அது, எபிதீலியல் செல் 8-10 இல்லை. குளிர்க்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்று வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம், நைட்ரோஃபுரான்டாயின் அங்கே வேலை செய்யாது.

இனி மாமியார். நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான், அவருடைய டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுங்கள், மாத்திரை எழுதாமல் இருக்க எழுதுவதைவிட அதிகத் தைரியம் வேண்டும். கிருமி இருப்பது வேறு, தொற்றுநோய் இருப்பது வேறு. 70 வயது தாண்டிய பெண்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் சிறுநீரில் கிருமி இருந்துகொண்டே இருக்கும், சர்க்கரை இருந்தால் இன்னும் கூடுதல். அவர்களுக்கு எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, காரணம் அந்தக் கிருமியும் அந்தப் பையும் ஒருவருக்கொருவர் சத்தம் போடாமல் பழகிவிட்டதுதான். சுவீடனில் இப்படிக் கிருமியைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாக இருந்த குழந்தைகளைச் சோதித்தபோது, அவர்கள் உடம்பில் டிஎல்ஆர்4 மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கிருமியின் பக்கமும் மாற்றம் உண்டு. கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு சிறுமி மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் சுமந்த இ.கோலை ஒன்றைப் பிரித்தெடுத்து 83972 என்று எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அது ஒட்டிக்கொள்ளும் இழைகளையே உருப்படியாகச் செய்ய முடியாத அளவுக்கு மாறிப்போயிருந்தது. ஒட்டவில்லை, அதனால் செல்லும் அலறவில்லை. அந்தக் கிருமியை அடிக்கடி தொற்று வரும் நோயாளிகளின் பைக்குள் மருத்துவர்களே வேண்டுமென்று குடியேற்றி, மோசமான கிருமி வராமல் தடுக்க முடிகிறதா என்று பார்த்தார்கள், அடுத்த தொற்று தள்ளிப்போயிற்று. இதைப் படித்த பிறகு மாமியாரின் கிருமியைக் கொல்ல உங்களுக்கே மனசு வராது. கொன்றால் அந்த இடத்துக்கு முரட்டுக் கிருமி வரலாம், மருந்துக்கு மசியாத ரகம் வளரலாம், வேறொன்றும் லாபம் இல்லை. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியும் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும்தான் அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்து தேவை. மாமியாருக்குக் காய்ச்சல், எரிச்சல், திடீரென்று அடக்க முடியாமை என்று புதிதாக ஏதாவது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அவருக்கு யூரின் கல்ச்சரே தேவையில்லை.

வலி மாத்திரை கேள்வி நல்ல கேள்வி, ஆராய்ச்சியாளர்களே கேட்டதுதான். காக்ஸ்-2 தான் வலியைக் கிளப்புகிறது என்றால் அதை அடக்கும் ஐபுப்ரோஃபென் போதாதா? ஜெர்மனியில் 494 பெண்களை வைத்துச் செய்த பரிசோதனை 2015-ல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு ஐபுப்ரோஃபென், இன்னொரு பாதிக்கு ஃபாஸ்ஃபோமைசின் ஆன்டிபயாடிக். ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆன்டிபயாடிக்கே இல்லாமல் தேறிவிட்டார்கள், உடம்பின் பாதுகாப்பு எவ்வளவு பலமானது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அவர்களுக்கு அவதி கூடுதல் நாள் நீடித்தது, சிறுநீரகத் தொற்று ஐந்து பேருக்கு வந்தது, மறுபக்கம் ஒருவருக்கு. சுவிட்சர்லாந்தில் டைக்ளோஃபெனாக்கை வைத்துச் செய்து பார்த்ததிலும் ஆன்டிபயாடிக்தான் ஜெயித்தது. மறுபுறம், முதல் நாளில் அழற்சி மிதமிஞ்சிப் போன எலிகளுக்குத்தான் பிற்பாடு தொற்று நாள்பட்டதாக மாறுகிறது, காக்ஸ்-2-ஐ அடக்கினால் அது குறைகிறது என்று ஹல்ட்கிரென் குழு காட்டியிருக்கிறது. என் கணக்கு இது: தொற்று ஓடிக்கொண்டிருக்கும்போது வலி மாத்திரை ஆன்டிபயாடிக்குக்குத் துணையாக இருக்கலாம், பதிலாக இருக்கக் கூடாது. இப்போது கிருமி இல்லாத நிலையில் இரண்டு மூன்று நாளைக்கு எடுப்பதில் தப்பில்லை, ஆனால் அல்சர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு எதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஒரு வருடத்தில் மூன்று தடவை என்றால் அது திரும்பத் திரும்ப வரும் தொற்று என்ற கணக்கில் வருகிறது, அடுத்ததைத் தடுப்பதுதான் இப்போது உங்களுக்கு முக்கியம். அழற்சி நடந்து முடிந்த பிறகும் பையின் செல்கள் அதை நினைவில் வைத்திருக்கின்றன என்று 2023-ல் எலியில் காட்டினார்கள். ஜீன்களைச் சுற்றியுள்ள அமைப்பே மாறி, அடுத்த தடவை இன்னும் முரட்டுத்தனமாக எதிர்வினை செய்யும் செல்களாகவே அடியிலிருந்து வளர்கின்றன. அதனால் ஒரு தொற்றைத் தவிர்த்தால் அந்த ஒன்றோடு லாபம் முடிவதில்லை.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கை வைப்பது மாதவிலக்கு நின்றதில். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் இந்தச் செல்களின் இணைப்புகள் தளர்கின்றன, கிருமியை ஓட்டை போடும் புரதங்கள் குறைகின்றன, பிறப்புறுப்பில் காவல் இருக்கும் லாக்டோபசில்லஸ் என்ற நல்ல கிருமிகளும் காணாமல் போகின்றன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2013-ல், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனைப் பிறப்புறுப்பின் உள்ளே வைத்துப் பார்த்தார்கள், இரண்டு வாரத்தில் இணைப்பும் அந்தப் புரதங்களும் திரும்ப எழுந்தன. அதற்கு முன்பே 1993-ல் 93 பெண்களிடம் செய்த சோதனையில், ஈஸ்ட்ரோஜன் க்ரீமைப் பிறப்புறுப்பின் உள்ளே தடவியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 0.5 தொற்று, வெறும் க்ரீம் தடவியவர்களுக்கு 5.9. இவ்வளவு வித்தியாசம் தரும் வைத்தியம் எங்கள் துறையில் அபூர்வம், ஆனாலும் நம் ஊரில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, நோயாளி கூச்சப்படுகிறார், டாக்டரும் கேட்பதில்லை. மகப்பேறு மருத்துவரிடம் போய் இந்த க்ரீம் எனக்குச் சரிவருமா என்று நேராகவே கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ, காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தாலோ முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பாட்டி வைத்தியம் தோற்கவில்லை. குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமுள்ள 140 பெண்களில் ஒரு பாதி தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள், ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தொற்று, மற்றவர்களுக்கு 3.2. இளநீரோ மோரோ பார்லித் தண்ணீரோ, எப்படிக் குடித்தாலும் சரி. மேனோஸ் பவுடர் என்று டப்பாவில் விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தேடினால் உங்கள் கண்ணில் படும். கொக்கி மேனோஸைத்தானே பிடிக்கிறது, அதையே குடித்தால் கொக்கி அதில் மாட்டிக்கொண்டு செல்லை விட்டுவிடாதா என்பது கேட்க அழகான யோசனை; பிரிட்டனில் 598 பெண்களிடம் சோதித்து 2024-ல் வந்த முடிவு, வெறும் சர்க்கரைத் தூளைவிட அது ஒன்றும் சாதிக்கவில்லை. காசை மிச்சம் பிடியுங்கள். கிரான்பெர்ரிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் நம் ஊரில் அந்த விலை கொடுத்து வாங்குவதற்கு முன்னால் க்ரீமையும் தண்ணீரையும் ஒழுங்காகச் செய்து பாருங்கள். சர்க்கரை டெஸ்ட் கடந்த ஒரு வருடத்தில் பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள்.

மாதாமாதம் கல்ச்சர் வேண்டாம். அறிகுறி இல்லாத மாதத்தில் ஏதாவது கிருமி முளைத்தால், அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க உங்களாலும் முடியாது, உங்கள் வீட்டில் உள்ளவர்களும் விடமாட்டார்கள், தேவையில்லாத ஒரு மாத்திரைக் கோர்ஸில்தான் போய் முடியும். மறுபடி கடுப்பு ஆரம்பித்தால், முதல் மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்னால் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுபோங்கள். போன தடவை கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போனால், எந்த மருந்து வேலை செய்தது என்பதை டாக்டர் அதிலேயே பார்த்துக்கொள்வார்.